பச்சைப் பென்சில் நின்ற இடம்

அத்தியாயம் 7

மெஹராஜின் கையெழுத்துப் பிரதியைப் பார்த்த நிமிடமே எனக்கு வயிறு எரிந்தது. நூற்று எழுபத்திரண்டு பக்க நாவலில் பாதியைக் காணவில்லை என்று அந்தப் பெண் கண் கலங்கி நிற்கிறாள். நானோ கையில் கிடைத்த முதல் பாதியைப் புரட்டிக்கொண்டு, இவளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு குறைவாகத் திருத்தம் விழுந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். துப்பறியும் நிபுணரின் உதவியாளன் செய்கிற வேலை இல்லைதான். ஆனால் உதவியாளன் ஆவதற்கு முன்பே நான் எழுத்தாளன். அதுவும் அச்சேறாத எழுத்தாளன். எங்கள் ரகத்துக்கு இரக்கம் கொஞ்சம் லேட்டாகத்தான் வரும்.

என் பெயர் மாசாணம். சொந்த ஊர் ஆனைமலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் 'ஆழியாறில் ஓர் அலறல்' என்ற என் நாவலை இதே வடவள்ளி வீட்டுக்கு, இதே ஆசிரியர் அழகிரிசாமிக்குத்தான் அனுப்பினேன். 'நொய்யல் மாத நாவல்' பத்திரிகைக்கு வரும் அத்தனை நாவலையும் படித்து, திருத்தி, விமர்சனம் எழுதுகிறவர் அவர் ஒருவர்தான். என் நாவல் பத்தே நாளில் பதிவுத் தபாலில் திரும்பி வந்தது. பக்கத்துக்குப் பக்கம் பச்சைப் பென்சில். கூடவே மூன்று பக்க விமர்சனம். அதன் முதல் வரி: 'தம்பி, அலறியது யார் என்று கடைசி வரை சொல்லவே இல்லை.'

அந்தப் பிரதியை ஒரு தடவை பொள்ளாச்சி பஸ்ஸில் மறந்துவிட்டு இறங்கினேன். கண்டக்டர் விசிலடித்து வண்டியை நிறுத்தி, ஓடி வந்து என் கையில் திணித்துவிட்டுப் போனார். அதை மறுபடி திருத்தி எழுதி, சமயம் வாய்த்தால் ஆசிரியரிடம் நீட்டலாம் என்று இன்றைக்கும் டி.வி.எஸ். 50 வண்டியின் முன்பக்கப் பையில் போட்டுத்தான் கொண்டுவந்திருந்தேன்.

நான் இப்படி வெந்துகொண்டிருந்த இடம் அழகிரிசாமியின் வீட்டு முன்னறை. 1994 அக்டோபர், வியாழக்கிழமை, காலை பத்து மணி. எங்களை அங்கே அழைத்து வந்தவள் மெஹராஜ்தான்.

"மறுபடி ஒருக்கா சொல்லுங்க அம்மணி," என்றார் என் முதலாளி கிருபாசங்கர். ராம் நகரில் மாடியில் ஓர் அறை வைத்துத் துப்பறிகிறவர். முன்பு மில்லில் டைம் கீப்பராக இருந்தவர். அதனால் யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார்கள் என்பதைத் தவிர வேறெதுவும் அவர் தலையில் ஏறாது. அவர் படிப்பதெல்லாம் கரண்ட் பில்லும் பஸ் போர்டும்தான். நாவல் என்றால் கொட்டாவி விடுவார். இப்படிப்பட்டவருக்கு எல்லாத் துப்பும் துலங்குகிறது. மாதம் பதினைந்து நாவல் படிக்கிற எனக்கு ஒன்றும் துலங்குவதில்லை. இதிலும் எனக்கு எரிச்சல் உண்டு.

"உக்கடத்துல எஸ்.டி.டி. பூத் வெச்சிருக்கேனுங்க," என்றாள் மெஹராஜ். முப்பத்து மூன்று வயது இருக்கும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "போன் பேச வர்றவங்களுக்கு நடுவுல நடுவுல எழுதினது. நாலு வருஷம் ஆச்சு. ரெண்டு கட்டா டேக் போட்டு ஞாயித்துக்கிழமை ஐயா கையில குடுத்தேன். புதன்கிழமை காலையில ஐயாவே போன் பண்ணி, ரெண்டாவது கட்டைக் காணோம்ங்கறாங்க."

"நகல் இல்லீங்களா?"

"இல்லீங்க. ஐயாகிட்டத்தானே இருக்குதுன்னு நெனச்சேன்."

"ஞாபகத்துல இருந்து திருப்பி எழுத முடியாதுங்களா?"

மெஹராஜ் அவரைப் பார்த்த பார்வையில் நாவல் படிக்காதவர்கள் மீதான மொத்தக் கோபமும் இருந்தது. "அது ஒரு தடவைதாங்க வரும்."

நாளை மறுநாள் சனிக்கிழமை. அன்று காலை பிரதி அச்சகத்துக்குப் போக வேண்டும். போகாவிட்டால் தயாராக இருக்கும் எழுத்தாளர் சுப்பண்ணனின் நாவல் அந்த மாதம் வந்துவிடும். பாதி நாவலை வைத்துக்கொண்டு மெஹராஜ் எந்த மாதமும் வர முடியாது. நாலு வருடம் அத்தோடு முடிந்தது.

அழகிரிசாமி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது, காதில் சொருகிய பச்சைப் பென்சில், தூங்காத கண்கள். அவரை நேரில் பார்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. பெயரைச் சொன்னேன். "ஆழியாறு," என்றார் உடனே. "இப்பவாவது அலறுனது யாருன்னு தெரிஞ்சுதுங்களா தம்பி?" அவ்வளவுதான். அந்த நிமிடமே இவர்தான் குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டேன்.

"ரெண்டு கட்டுமே இந்த மேஜை மேலதானுங்க இருந்துது," என்றார் ஆசிரியர். "செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்கு மொதல் கட்டை முடிச்சேன். எண்பத்தாறு பக்கம். ரெண்டாவதை அடுத்த நாள் பிரிச்சுக்கலாம்னு வெச்சுப்போட்டு, தலைவலின்னு உள்ள போய்ப் படுத்தேன். அஞ்சு மணிக்கு சுப்பண்ணன் வந்து இங்க தனியா உக்காந்திருந்துட்டுப் போயிருக்கார். காலையில பார்த்தா கட்டைக் காணோம்."

"உள்ள எங்க படுத்தீங்க?"

"என்ற படிப்பறையில."

அவர் காட்டிய உள்ளறையை எட்டிப் பார்த்தேன். சாய்வு நாற்காலி ஒன்று, சுவர் மறைய அலமாரி, அலமாரி நிறையப் புத்தகம். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முறம், அதில் உடைத்த நிலக்கடலை ஓடு.

"ஏனுங்க, இங்கயும் படிப்பு, அங்கயும் படிப்பு. எதுக்கு ரெண்டு ரூம்பு?" என்றார் கிருபாசங்கர்.

ஆசிரியருக்கு முதல் தடவையாக முகத்தில் களை வந்தது. "வெடியால அஞ்சுலிருந்து ஏழு வரைக்கும் எனக்குப் புடிச்சதை நான் படிக்கிற நேரமுங்க. அது அந்த ரூம்பு. ஒம்பதுலிருந்து ஆறு வரைக்கும் அடுத்தவிய எழுதுனது. அது இந்த மேஜை. அங்க பென்சில் போகாது, இங்க கடலைக்காய் வராது. அடுத்தவிய பிரதியில கடலை உடைச்ச கை படக்கூடாதுங்க. பதினோரு வருஷமா ஒரு கைப்பிரதி அந்த நெலவுப் படியைத் தாண்டுனதில்லை. இல்லீன்னா என்னாகும்? நல்ல புஸ்தகத்தைத் திருத்தவும், திருத்த வேண்டியதை ரசிக்கவும் ஆரம்பிச்சிருவேன். தொழிலும் போயிரும், படிப்பும் போயிரும்."

"நல்ல ஏற்பாடு," என்றார் கிருபாசங்கர்.

காபித் தம்ளர்களோடு வந்த ஆசிரியரின் மனைவி சுப்பாத்தாள் அதைக் கேட்டுவிட்டார். "ஏற்பாடெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. ரெண்டு ரூம்புலயும் எனக்கு ஒரு சேர் கெடையாது. படிச்ச புஸ்தகத்துக்கெல்லாம் ஒரு நோட்டு போட்டு, தேதி, பேரு, கொறைன்னு எழுதி வெக்கறார். கல்யாணமாகி முப்பது வருஷத்துல நான் வெச்ச கொழம்புக்கு ஒரு கொறை சொன்னதில்லைங்க. சாப்பிடறதே தெரியாம சாப்பிட்டா எப்படிச் சொல்லுவார்?"

ஆசிரியர் சிரிக்கவில்லை. கிருபாசங்கர் முதல் கட்டைக் கேட்டு வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டார். "பீளமேடு போலாம் மாசாணம்."

சுப்பண்ணனை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பதினான்கு வருடமாக 'நொய்யல் மாத நாவ'லின் அட்டையில் பெரிய எழுத்தில் வருகிற பெயர். பீளமேட்டில் கல்லூரி பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ச் சந்தில் வீடு. நாங்கள் போனபோது கட்டம் போட்ட லுங்கியோடு, அட்டையில் தாளை மாட்டி எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஓர் அலாரம் கடிகாரம்.

"பத்து நிமிஷந்தானுங்க," என்றார். "பன்னெண்டு மணிக்குள்ள கொலை நடந்தாகணும்."

"செவ்வாய்க்கிழமை அஞ்சு மணிக்கு அழகிரிசாமி வீட்டுக்குப் போனீங்களே, எதுக்குங்க?" என்றார் கிருபாசங்கர்.

"சண்டை போடத்தான்!" சுப்பண்ணன் பேனாவை மூடினார். "ஒளிவு மறைவு எதுக்குங்க? இந்த மாசம் என்ற நாவலைத் தள்ளி வெச்சுப்போட்டு, போன் கடைக்காரப் பொண்ணு ஒருத்தி எழுதுனதைப் போடறாராம். எனக்குப் பொறாமை இல்லீன்னு சொன்னா என்ற பேனாவே நம்பாது. போய் முன்னறையில உக்காந்தேன். மேஜை மேல ஒரு கட்டு இருந்துது. மெஹராஜ்னு பேரு. பிரிச்சு மொதல் வரியைப் படிச்சேன். மூடிப்போட்டேன்."

"ஏன்?"

"நல்லா இருந்துது." அதைச் சொல்ல அவர் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கு அவர் மீது பாசமே வந்துவிட்டது. "நான் அடுத்தவிய நாவலைப் படிக்கிறதில்லைங்க. மாசம் ஒண்ணு எழுதறவன். படிச்சா அவிய நடை என்ற கையில ஒட்டிக்கும். அப்புறம் கழுவுனாலும் போகாது."

"ஒரு கட்டா, ரெண்டு கட்டா?"

"ஒண்ணுதானுங்க."

நான் கிருபாசங்கரைப் பார்த்துக் கண் சிமிட்டினேன். மேஜை மேல் இருந்தது இரண்டு. ஒன்றுதான் இருந்தது என்கிற ஆள் இன்னொன்றை எடுத்த ஆளாகத்தானே இருக்க வேண்டும்? மாதம் பதினைந்து நாவல் படிக்கிறவனுக்கு இதுகூடவா தெரியாது?

கிருபாசங்கர் என் கண்ணைக் கண்டுகொள்ளவில்லை. "ஆசிரியரைப் பார்த்தீங்களா?"

"எங்க பார்க்கறது! உள்ளறைக் கதவு சாத்தி இருந்துது. 'ஏனுங்க, நான் சுப்பண்ணன்'னு ரெண்டு தடவை கூப்பிட்டேன். பதிலே இல்லை. பதினாலு வருஷத்துல காபி கேக்காம என்னை அனுப்புனது அன்னைக்குத்தான். ஆளு உள்ளதான் இருந்தார். கடலை உடைக்கிற சத்தம் மட்டும் கேட்டுது. டப்பு, டப்புன்னு. நான் இங்க வெந்து சாகறேன், இவருக்குக் கடலை கேக்குதான்னு எந்திரிச்சு வந்துட்டேன்."

அலாரம் அடித்தது. சுப்பண்ணன் அட்டையை மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய கொலைக்கு நேரமாகிவிட்டது.

வெளியே வந்ததும் நான் தீர்ப்பைச் சொன்னேன். "இவர்தானுங்க சார். பொறாமைன்னு வாயாலயே ஒத்துக்கிட்டார். கட்டு ஒண்ணுதான்னு பொய் சொல்றார். வீட்டைச் சோதனை போட்டா அகப்பட்டுரும்."

"பொறாமைப்பட்டவனெல்லாம் திருடுவான்னா, உன்னை முதல்ல சோதனை போடணும்," என்றார் கிருபாசங்கர், வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தபடி. "ஓட்டு. நான் இதைப் பார்த்துட்டு வாரேன்."

டி.வி.எஸ். 50இல் இரண்டு பேர் போனால் சைக்கிள்காரர்கள் கூட எங்களைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள். பின்னால் அவர் முதல் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டார். கைரேகையா தேடுகிறார் என்று நினைத்தேன். லட்சுமி மில் சிக்னலில் நின்றபோது திரும்பிப் பார்த்தால், ஆள் படித்துக்கொண்டிருக்கிறார்! உதடு அசைகிறது. கரண்ட் பில் தவிர எதையும் படிக்காத மனிதர்.

"சார், வெயில் அடிக்குதுங்க."

"பேசாத."

காந்திபுரம் தாண்டியதும் "நிறுத்து" என்றார். ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். படித்து முடிக்கும் வரை நகரமாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு வேறு வேலை இல்லை. அவர் தோளுக்கு மேலாக நானும் எட்டிப் பார்த்தேன். நாவலின் பெயர் 'நாலாவது கூண்டு'. ஒரு டெலிபோன் பூத். அங்கே தினமும் ஒருவன் வந்து ஒரே நம்பரைச் சுற்றி, பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்துவிட்டுப் போகிறான். பூத்தை நடத்துகிற ஜமீலாவுக்கு மறுமுனையில் யார் என்று தெரிந்தாக வேண்டும்.

எனக்குக் கதை கண்ணில் படவில்லை. பச்சைப் பென்சில்தான் பட்டது. முதல் நாற்பது பக்கத்தில் பக்கத்துக்கு ஏழெட்டு. அப்புறம் மூன்று, இரண்டு. அறுபதாம் பக்கத்தில் ஒரே ஒரு அடிக்கோடு. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. இருபத்தாறு பக்கம் சுத்தமாக, ஒரு கீறல் இல்லாமல்! என் நாவலில் 'முற்றும்' என்ற சொல்லையே அடித்துவிட்டு 'அப்பாடா' என்று எழுதியிருந்தார் இந்த மனுஷன். பொறுக்கவில்லை எனக்கு.

"பாருங்க சார் பட்சபாதத்தை. அறுபதுக்கு அப்புறம் அவர் படிக்கவே இல்லை. சும்மா 'முடிச்சேன்'னு சொல்றார்."

கிருபாசங்கர் பக்கத்தைத் திருப்பினார். கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டார். அதன் கடைசி வரி: 'ஜமீலா அவன் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கிக் காதில் வைத்தாள். மறுமுனையில் கேட்டது'. அத்தோடு பக்கம் முடிந்தது.

அவர் கண்ணை எடுக்காமல் கையை மட்டும் என் பக்கம் நீட்டினார். "அடுத்த பக்கம் குடு."

"அதைத்தானே சார் தேடிட்டிருக்கோம்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் நீட்டிய தன் கையைப் பார்த்தார். டைம் கீப்பர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. கட்டை மறுபடி புரட்டி, அறுபத்தெட்டாம் பக்கத்தில் டேக் கோத்திருந்த மடிப்பிலிருந்து எதையோ நகத்தால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சிவப்பாக, மெல்லியதாக, ஊதினால் பறக்கிற மாதிரி. எழுபத்தொன்றில் இன்னொன்று. எண்பதில் இரண்டு.

வறுத்த கடலையின் தோல்.

"வண்டியைத் திருப்பு," என்றார். "வடவள்ளிக்கு. போற வழியில உக்கடத்துக்கு ஒரு போன் போட்டு அந்தப் பொண்ணையும் வரச் சொல்லு."

எனக்கு அப்போதும் புரியவில்லை என்பதை வெட்கத்தை விட்டு ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று மணிக்கு மறுபடி அதே முன்னறை. மெஹராஜ் சுவரோரம் நின்றாள். அழகிரிசாமி மேஜைக்குப் பின்னால். காதில் பென்சில் இருந்தது. கையில் வேலை இல்லை.

"சுப்பண்ணன் எடுக்கலீங்க," என்றார் கிருபாசங்கர். "அவர் வந்தப்ப மேஜை மேல ஒரு கட்டுதான் இருந்துது."

"அவர் சொன்னாருன்னு நம்பிட்டீங்களா?"

"இல்லீங்க. நான் அவரை நம்பலை. உங்களைத்தான் நம்பினேன்." கிருபாசங்கர் முதல் கட்டை மேஜையில் வைத்தார். "பதினோரு வருஷமா மாறாத ஆளுன்னு சொன்னீங்க. மேஜைன்னா பென்சில், உள்ளறைன்னா கடலைக்காய். இந்தக் கட்டுல அறுபதாம் பக்கத்தோட பென்சில் நிக்குது. எங்க மாசாணம் நீங்க படிக்கலீன்னு சொன்னான். அறுபத்தெட்டாம் பக்கத்துல கடலைத் தோல் ஆரம்பிக்குது. அப்ப நீங்க படிச்சிருக்கீங்க. ஆனா இந்த மேஜையில இல்லை. பென்சிலை இங்கயே போட்டுட்டு, கட்டை எடுத்துக்கிட்டு அந்த நெலவுப் படியைத் தாண்டிட்டீங்க."

ஆசிரியர் காதிலிருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்தார்.

"அதுல தப்பில்லீங்க. நல்லா இருந்தா எடுத்துட்டுப் போய்ப் படிக்கத்தான் தோணும். எனக்குக் கஷ்டம் கொடுத்தது எண்பத்தாறாம் பக்கம்தான். 'மறுமுனையில் கேட்டது'ன்னு நிக்குது. அங்க நிறுத்திப்போட்டு, தலைவலின்னு போய்ப் படுத்தேன்னு சொல்றீங்க. ஏனுங்க, நான் வாழ்க்கையில நாவலே படிச்சதில்லை. என்னாலயே முடியலை. நடுரோட்டுல கையை நீட்டிக் கேட்டேன். ரெண்டு முழத்துல அடுத்த கட்டு இருக்கறப்ப உங்களால மட்டும் எப்படி முடிஞ்சுது?"

எனக்கு ஒருபக்கம் புல்லரித்தது. இன்னொரு பக்கம், இது எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும் என்று ஆத்திரமாக இருந்தது.

"இது யூகம்," என்றார் ஆசிரியர், மெல்லிய குரலில்.

"யூகந்தானுங்க. அம்மா, அந்தப் படிச்ச புஸ்தக நோட்டைச் சித்தெ எடுத்துட்டு வாரீங்களா? நம்ம மாசாணத்துக்கு நல்லதா ஒரு புஸ்தகம் பேரு பார்க்கோணும்."

"சுப்பாத்தா, வேண்டாம்," என்று ஆசிரியர் எழுந்தார். அவர் எழுவதற்குள் சுப்பாத்தாள் நோட்டோடு வந்துவிட்டார். அவருக்கு அந்த நோட்டின் மேல் பதினோரு வருடக் கோபம். கொஞ்சம் வேகமாகவே வந்தார்.

நீளவாட்டு நோட்டு. தேதி, பெயர், குறை என்று மூன்று கட்டம். பதினோரு வருடப் புத்தகங்கள். ஒன்றுக்காவது 'குறை' கட்டம் காலியாக இல்லை. 'நீளம்.' 'நடுவில் தொய்வு.' 'நாயகி அழுதுகொண்டே இருக்கிறாள்.' கிருபாசங்கர் கடைசியாக எழுதியிருந்த பக்கத்தைத் திருப்பி, மெஹராஜிடம் நீட்டினார்.

செவ்வாய்க்கிழமைத் தேதி. 'நாலாவது கூண்டு – மெஹராஜ்.'

குறை: 'எழுதியது நானில்லை.'

மெஹராஜ் அதை இரண்டு தடவை படித்தாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் நாலு தடவை படித்தேன்.

"படிச்சு முடிச்சதை எழுதாம இருக்க முடியலைங்களா?" என்றார் கிருபாசங்கர். அதில் கேலி இல்லை.

அழகிரிசாமி உட்கார்ந்துவிட்டார். "கை தானா எழுதிப்போட்டுதுங்க," என்றார். "அறுபத்தோராம் பக்கத்துல பென்சில் கீழ விழுந்துது. எடுக்கணும்னு தோணலை. எத்தனை வருஷமாச்சு தெரியுங்களா, குறை தேடாம ஒண்ணைப் படிச்சு? உள்ள போய் உக்காந்தேன். மொதல் கட்டைக் கொண்டாந்து வெச்சுட்டு ரெண்டாவதை எடுத்துட்டுப் போனேன். சுப்பண்ணன் கூப்பிட்டது காதுல விழுந்துது. எந்திரிக்க மனசு வரலை. கடைசிப் பக்கம் முடிஞ்சப்ப..." அவர் மெஹராஜைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்துப் பேசினார். "அந்த அலமாரிக்குக் கீழ நான் எழுதுன நாவல் ஒண்ணு இருக்குது அம்மணி. நாப்பது பக்கம். பதினோரு வருஷமா நாப்பதே பக்கம். எனக்குப் படிக்க நேரம் ஒதுக்கினேன், ஊரான் எழுத்தைத் திருத்த நேரம் ஒதுக்கினேன். எழுதறதுக்குன்னு ஒரு மணி நேரம் ஒதுக்கவே இல்லை. போன் மணி அடிக்கிறதுக்கு நடுவுல நீங்க எழுதிப்போட்டீங்க. என்னால தாங்க முடியலை. சனிக்கிழமை மட்டும் தாண்டட்டும்னு நெனச்சேன்."

"தாண்டுன பின்னால?" என்றாள் மெஹராஜ்.

"தெரியலை."

அவரே உள்ளே போய், அலமாரியில் தன் புத்தகங்களுக்குப் பின்னாலிருந்து கட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். மெஹராஜ் கை வைப்பதற்கு முன் கிருபாசங்கர் அதைப் பிரித்து எண்பத்தேழாம் பக்கத்தின் முதல் வரியைச் சத்தமாகப் படித்தார்: 'அவளுடைய குரல். ஜமீலாவின் சொந்தக் குரல், அவளையே பெயர் சொல்லி அழைத்தது.' படித்துவிட்டு, முழங்கையைத் தடவிக்கொண்டு, "ஆத்தாடி," என்றார்.

மெஹராஜ் கட்டை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள். கதவைச் சாத்திக்கொண்டு போகப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். போலீஸுக்குப் போனாலும் நான் சாட்சி சொல்லத் தயாராக இருந்தேன். அவள் நாற்காலியை இழுத்து மேஜைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டு நாள் நான் சோறு திங்கலைங்க ஐயா," என்றாள். "போன் அடிக்கறப்பல்லாம் கட்டு கெடச்சுதுன்னு நீங்கதான் கூப்பிடறீங்களோன்னு ஓடி ஓடி எடுத்தேன். உங்களுக்குப் பொறாமைன்னா எனக்கு என்னங்க? போன வருஷம் என் சிறுகதையைத் திருப்பி அனுப்பறப்ப, கொறையில்லாத எழுத்து இல்லைன்னு எழுதினீங்க. இதுல மட்டும் அறுபதோட நிறுத்திட்டீங்க. நீங்க ரசிச்சுப்போட்டீங்க, சரி. என் வேலையை யாரு பார்க்கறது?"

மேஜை மேலிருந்த முதல் கட்டைப் பிரித்து அவர் முன்னால் தள்ளினாள்.

"அறுபத்தோராம் பக்கத்துல இருந்து. இந்த மேஜையில, என் கண்ணு முன்னால. சனிக்கிழமை காலைக்குள்ள முடியணும். அப்புறம், அந்த நோட்டுல இருக்கற பக்கத்தைக் கிழிச்சு எனக்குக் குடுத்துருங்க."

அழகிரிசாமியின் முகம் போன போக்கு! பதினோரு வருடத்தில் ஓரம் மடங்காத நோட்டு அது. அளவுகோலை வைத்து, மெதுவாக, பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தார். மெஹராஜ் அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். பிறகு குனிந்து ஒரு சொல்லைச் சுழித்தார்.

"இந்த 'மெதுவாக' வேண்டாம் அம்மணி. ரெண்டு வரிக்கு முன்னாலதான் வந்துது."

மெஹராஜ் எட்டிப் பார்த்தாள். "அட, ஆமாங்க."

சுப்பாத்தாள் உள்ளறையிலிருந்து சாய்வு நாற்காலியை இழுத்து வந்து முன்னறையில் போட்டு, அதில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை.

நாங்கள் வெளியே வந்தோம். கிருபாசங்கர் வாசலிலேயே நின்று திரும்பிப் பார்த்தார். "புஸ்தகம் வந்ததும் எனக்கு ஒண்ணு வாங்கி வை மாசாணம். அந்தக் குரல் எப்படி வந்துதுன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராது." பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவராக, "நீயும் என்னமோ எழுதி வெச்சிருக்கறயாமே, எங்கடா அது?" என்றார்.

வண்டியைக் காட்டினேன். ஹேண்டில் பாரில் பை தொங்கியது. பையின் வாய் திறந்து கிடந்தது. 'ஆழியாறில் ஓர் அலறல்' பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து வடவள்ளித் தெருவில், பீளமேட்டில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, காந்திபுரம் தாண்டி வேப்பமரத்தடியில் என்று ஊரெல்லாம் அப்படியேதான் நின்றிருந்தது.

ஒருத்தரும் திருடவில்லை.